மலைக்கு வயது 250 கோடி, கடலடிக்கு வெறும் 13 கோடி

சென்னைப் பரங்கிமலைப் படிகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்க அது அருமையான இடம். காலுக்கு அடியில் இருக்கும் கல்லை யாரும் கவனிப்பதில்லை. நீலம் கலந்த கறுப்பில் இருக்கும் அந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வங்கக்கடல். கரையை விட்டு விலகி ஆழ்கடலுக்குப் போய், மேலே படிந்திருக்கும் சேற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு அடியிலிருக்கும் பாறையைத் தொட முடிந்தால், அதற்கு வயது சுமார் 13 கோடிதான் இருக்கும். கடலடிப் பாறை உருவானபோது டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன. மலைப் பாறை உருவானபோது உலகத்தில் நுண்ணுயிர்களைத் தவிர வேறு உயிரே இல்லை.

இது வங்கக்கடலுக்கு மட்டும் உள்ள கணக்கு இல்லை. பெருங்கடல்களில் எங்கே தேடினாலும் 20 கோடி ஆண்டுகளைத் தாண்டிய அடிப்பாறை கிடைப்பது மிக அபூர்வம். மேற்குப் பசிபிக்கில் இருக்கும் பழம்பாறைகூட 18 கோடி ஆண்டுகளை ஒட்டித்தான் வருகிறது. நிலத்தில் நிலைமை வேறு. கனடாவில் அகாஸ்டா என்ற ஆற்றின் பக்கம் 400 கோடி ஆண்டுப் பாறை கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, சிர்க்கான் என்ற தாதுவின் மணிகளில் சிலவற்றுக்கு வயது ஏறக்குறைய 440 கோடி. பூமிக்கே வயது சுமார் 454 கோடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் அவ்வளவு பழையது என்றால் கடலின் தரை மட்டும் ஏன் இவ்வளவு இளசு? மேலோடு எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதியாகப் படுகிறது.

இரண்டு வகை ஓடு

பூமியின் மேலோட்டில் இரண்டு வகை உண்டு. கடலடி மேலோடு மெல்லியது, சுமார் 7 கிலோமீட்டர் தடிமன். பெரும்பாலும் பசால்ட் என்ற கறுத்த எரிமலைப் பாறை, அதன் உறவுப் பாறைகள். கண்ட மேலோடு தடித்தது. சராசரி 35 முதல் 40 கிலோமீட்டர், திபெத்தின் அடியில் 70 வரை. மொத்தத்தில் கிரானைட் பக்கம் சாய்ந்த பாறை. கடலடிப் பாறை தண்ணீரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை, கண்டப் பாறை சுமார் 2.7 மடங்கு. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. பழைய பாடப்புத்தகங்களில் சியால், சிமா என்று இரண்டு பெயர்களை உருப்போட்டவர்களுக்கு அவை இந்த இரண்டையும்தான் குறித்தன என்பது ஞாபகம் வரலாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. தண்ணீருக்கு அடியில் இருப்பதெல்லாம் கடலடி மேலோடு ஆகிவிடாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் இருக்கிறது, ஆனால் அதன் தரை கண்ட மேலோடுதான். கண்டத்தின் விளிம்பு கொஞ்சம் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். கடல் சட்டென ஆழமாகிப் பல கிலோமீட்டர் இறங்கும் இடத்துக்கு அப்பால்தான் உண்மையான கடலடி ஓடு ஆரம்பிக்கிறது. இப்படி நனைந்த பகுதிகளையும் சேர்த்தால் பூமியின் பரப்பில் சுமார் 40 சதவீதம் கண்ட மேலோடு.

இரண்டு ஓடுகளுக்கும் மூலச்சரக்கு ஒன்றேதான், அவற்றுக்குக் கீழே இருக்கும் கவசம். பள்ளியில் பூமியின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கலர் அடித்தபோது கவசத்துக்கு ஆரஞ்சு அடித்தோம். அன்றிலிருந்து அது கொதிக்கும் குழம்பு என்று மனதில் பதிந்துவிட்டது. நிஜத்தில் கவசம் திடப்பாறை. பெரிடோடைட் என்ற, பச்சை சாயல் கொண்ட கனமான பாறை. 1,300 டிகிரி சூட்டிலும் உருகாமல் இருக்கிறது, ஏனென்றால் மேலே இருக்கும் பாறைகளின் அழுத்தம் அதை உருக விடுவதில்லை. திடமாக இருந்தபடியே, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் மெல்ல நகரவும் செய்கிறது.

அப்படியானால் பாறைக்குழம்பு எங்கிருந்து வருகிறது? கவசத்தை உருக்க அடுப்பைக் கூட்ட வேண்டியதில்லை. வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கடலடியை உண்டாக்குகிறது, இன்னொன்று கண்டத்தை.

குக்கரும் குச்சி ஐஸும்

முதல் வழி அழுத்தத்தைக் குறைப்பது. குக்கருக்குள் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அமைதியாக இருக்கும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கிவிட்டால் அதே தண்ணீர் பொங்கிக்கொண்டு வரும், பருப்போடு சேர்த்துச் சுவர் வரைக்கும். புதிதாகச் சூடு எதுவும் ஏறவில்லை, அழுத்தம் இறங்கியது, அவ்வளவுதான். கடலுக்கு நடுவே இரண்டு புவித்தட்டுகள் (மேலோடும் அதன் அடியில் ஒட்டிய கவசமும் சேர்ந்த பெரும் பலகைகள்) ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது நடப்பதும் இதுதான். விலகிய இடத்தை நிரப்பக் கீழிருந்து கவசப்பாறை மேலே ஏறி வருகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. சூடு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஒரு கட்டத்தில் உருக ஆரம்பிக்கிறது.

ஆனால் முழுவதும் உருகுவதில்லை. நூற்றில் பத்துப் பங்கு போல, கொஞ்சம் கூடக் குறைய. எது உருகுகிறது என்பதுதான் முக்கியம். சின்ன வயதில் குச்சி ஐஸை உறிஞ்சியிருப்பீர்கள். முதலில் நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிடும், கையில் வெளுத்த ஐஸ் மிஞ்சும். பாறையும் அப்படித்தான். எளிதாக உருகும் சரக்கு முதலில் கழன்று குழம்பாகிறது, உருக அடம்பிடிக்கும் மெக்னீசியச் சரக்கு பின்தங்கிவிடுகிறது. கவசப்பாறையில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே சரக்கு, சுமார் 45 சதவீதம். அதிலிருந்து வடியும் குழம்பில் அது 50 சதவீதம் ஆகிறது. அந்தக் குழம்பு ஆறினால் பசால்ட்.

இப்படித் தட்டுகள் விலகும் இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுமார் 65,000 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடராகப் பூமியைச் சுற்றிக் கடலுக்குள் ஓடுகின்றன. இமயமலையை எல்லோரும் புகழ்கிறோம், இதற்குப் பக்கத்தில் அது ஒரு துண்டு. இந்தியப் பெருங்கடலிலும் ஒரு கிளை இருக்கிறது, கார்ல்ஸ்பெர்க் முகடு என்று பெயர். ஆமாம், அந்த பீர் பெயர்தான். 1928-30இல் டானா என்ற டென்மார்க் கப்பல் நடத்திய ஆய்வுப் பயணத்துக்குக் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளை பணம் கொடுத்தது, நன்றிக்கடனாகப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முகட்டின் மேல் வந்து சேரும் குழம்பு மூன்று விதமாக உறைகிறது. கடல் தரையிலேயே பிதுங்கி வரும் குழம்பு குளிர்ந்த நீரில் பட்டதும் தோல் கட்டி, உருண்டை உருண்டையாகக் குவிகிறது. தலையணைகளை அடுக்கியது மாதிரி இருப்பதால் தலையணை லாவா என்கிறார்கள். அதற்குக் கீழே, குழம்பு ஏறி வந்த விரிசல்களிலேயே உறைந்த செங்குத்துச் சுவர்கள், சீட்டுக்கட்டை நிமிர்த்தி வைத்தது போல ஒன்றையொன்று ஒட்டியபடி. இன்னும் கீழே, ஆற அமர உறைந்ததால் பெரிய படிகங்கள் விளைந்த கேப்ரோ. சர்க்கரைப் பாகை அவசரப்படுத்தாமல் விட்டால் கற்கண்டு விளைகிறதே, அதே விஷயம். பசால்ட்டும் கேப்ரோவும் ஒரே குழம்புதான், ஆறிய வேகம் வேறு.

கடலுக்கு அடியில் 7 கிலோமீட்டர் தோண்டி இதையெல்லாம் யார் பார்த்தது என்று கேட்கலாம். தோண்ட வேண்டியதில்லை. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான ஒரு கடலடித் துண்டு, கீழே போகாமல் தவறிப்போய் அரேபியாவின் மேல் ஏறிவிட்டது. இன்றைய ஓமான் மலைகளில் ஒரு பெரும் பகுதி அதுதான். மஸ்கட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊரைச் சுற்றி நிற்கும் புல் பூண்டில்லாத பழுப்பு மலைகளைத் தினமும் பார்ப்பார்கள். அவற்றில் பல, கவசப் பாறையேதான். சோகார் பக்கம் வாடி ஜிஸ்ஸி என்ற பள்ளத்தாக்கில் தலையணை லாவாவைக் கையால் தொடலாம். உலகெங்கும் இருந்து புவியியல் மாணவர்கள் அங்கே போவது இதற்காகத்தான்.

புதுத்தரை பிறந்து இரு பக்கமும் நகர்கிறது என்பதற்கு நல்ல சாட்சி காந்தம். பசால்ட் உறையும்போது அன்றைய காந்தத் திசையைத் தனக்குள் பதிந்துகொள்ளும். பூமியின் காந்தத் திசையோ அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகும். கடைசியாகப் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. 1962இல் டிரம்மண்ட் மாத்யூஸ் என்ற ஆய்வாளர் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் இருந்து கார்ல்ஸ்பெர்க் முகட்டை அளந்தார். அந்த அளவீடுகளை வைத்து அவரும் அவருடைய மாணவர் பிரெட் வைனும் 1963இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். கடல் தரையில் நேர், எதிர் என்று மாறிமாறி வரும் காந்தப் பட்டைகள், தரை முகட்டில் பிறந்து இரு பக்கமும் விலகியதன் பதிவுதான் என்று. லாரன்ஸ் மோர்லி என்ற கனடாக்காரர் தனியாக இதே முடிவுக்கு வந்து எழுதி அனுப்பியிருந்தார், பத்திரிகைகள் அதை ஏற்கவில்லை. பாவம்.

வேகம்? அட்லாண்டிக் ஆண்டுக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர். ஒருவர் பிறந்து அறுபதாம் கல்யாணம் நடப்பதற்குள் ஒரு மீட்டருக்கு மேலாவது அகன்றிருக்கும். கிழக்குப் பசிபிக்கில் இதைப்போலப் பல மடங்கு.

தண்ணீர் குடித்த பாறை

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. முகட்டில் பிறந்த தரை விலகிப் போகப்போகக் குளிர்கிறது, குளிர்ந்தால் அடர்த்தி கூடுகிறது, தாழ்கிறது. முகட்டின் மேல் கடல் ஆழம் சுமார் இரண்டரை கிலோமீட்டர் என்றால், வயதான தரையின் மேல் ஐந்து, ஆறு. அடியில் ஒட்டியிருக்கும் குளிர்ந்த கவசமும் சேர்ந்து கனக்கிறது. கடைசியில் தட்டுகள் நெருங்கும் இடத்தில் அதன் விளிம்பு வளைந்து கவசத்துக்குள் இறங்கிவிடுகிறது. கடலடிக்கு முதுமை என்பதே இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான், வயதானதும் மூழ்கிவிடுகிறது.

நமக்கு மிக அருகில் இது நடப்பது சுமத்ரா முதல் அந்தமான் வரை நீளும் வளைவில். வங்கக்கடலின் அடித்தரை அங்கேதான் கிழக்கே சரிந்து இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த எல்லை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு நழுவியது. அன்று என்ன ஆனது என்று நாகப்பட்டினத்துக்கும் மட்டக்களப்புக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இறங்கும் தட்டு வெறுங்கையோடு போவதில்லை. முகட்டில் இருந்தபோதே கடல்நீர் அதன் விரிசல்களுக்குள் புகுந்து, சூடாகி, பாறையின் தாதுக்களோடு சேர்ந்துவிட்டது. சில தாதுக்கள் முற்றிலும் வேறாகிவிட்டன. செர்பென்டைன் என்று ஒன்று உண்டு, பாம்புத்தோல் போலப் பச்சையாக மினுங்கும், அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். பார்க்கக் கல், ஈரமே தெரியாது. தட்டு ஆழத்துக்குப் போய் அழுத்தமும் சூடும் ஏறியதும் இந்தத் தாதுக்கள் தண்ணீரைக் கக்குகின்றன. சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் வரும்போது நிறைய வெளியேறியிருக்கும். அந்தத் தண்ணீர் மேலே இருக்கும் சூடான கவசத்துக்குள் ஏறுகிறது.

இதுதான் உருக்குவதற்கான இரண்டாவது வழி. குல்பி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு கல் உப்பைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு பட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயே உருகிவிடும். பாறைக்குத் தண்ணீர்தான் உப்பு. தண்ணீர் சேர்ந்தால் அதன் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. அதுவரை திடமாக நின்ற கவசம் இருந்த சூட்டிலேயே உருகத் தொடங்குகிறது. கீழே போகும் தட்டு உருகி மேலே வருகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தட்டு கொடுப்பது தண்ணீரை. உருகுவது அதற்கு மேலே இருக்கும் கவசம்.

அந்தமானில் பேரன் தீவு எரிமலை புகைவது இதனால்தான். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில், ஆள் இல்லாத தீவு. நீண்ட தூக்கத்துக்குப் பிறகு 1991இல் விழித்தது, அதற்கப்புறமும் பல முறை வெடித்திருக்கிறது. ஜப்பான், இந்தோனேசியா, ஆண்டீஸ் மலைகளின் எரிமலைகளும் இதே ரகம்.

இப்படி உண்டாகும் குழம்பும் முதலில் பசால்ட் போலத்தான் இருக்கும். ஆனால் அது நேராக மேலே வந்துவிடுவதில்லை. தடித்த ஓட்டின் அடியில் வந்து மாட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேங்கி, மெல்ல ஆறுகிறது. கனமான தாதுக்கள் முதலில் படிகமாகி அடியில் தங்கிவிடும். மிச்சக் குழம்பில் சிலிக்கா கூடிக்கொண்டே போகும். போதாததற்கு அந்தச் சூடு சுற்றியிருக்கும் பழைய பாறையையும் உருக்கிக் கலக்கிவிடும். குச்சி ஐஸ் கதை இரண்டாம் முறை, மூன்றாம் முறை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதம் சிலிக்கா வந்ததும் ஆண்டிசைட். ஆண்டீஸ் மலையின் பெயரால் வந்த பெயர். 70ஐத் தொட்டு, மேலே வராமல் உள்ளேயே உறைந்தால் கிரானைட். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் வானுயர நிற்கும் கிரானைட் சுவர்கள், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் எரிமலை வரிசைக்குக் கீழே உறைந்தவை. மேலிருந்த எரிமலைகள் கரைந்துபோய்விட்டன, அடுப்படி மட்டும் நிற்கிறது.

அடியில் தங்கிய கனமான மண்டி சில சமயம் பெயர்ந்து கவசத்துக்குள்ளேயே திரும்ப விழுந்துவிடும். மேலே இருப்பது இன்னும் இலேசாகிறது.

இலேசானது என்பதுதான் கண்டத்தின் ஆயுள் ரகசியம். கவசத்தின் மேல் கட்டை போல மிதக்கிறது, தள்ளினாலும் மூழ்காது. ஒரு கண்டத்தோடு இன்னொரு கண்டம் மோதினால் இரண்டும் இறங்க மறுத்து மேலே மடிகின்றன. இந்தியா ஆசியாவோடு மோதி இமயமலை எழுந்தது அப்படி. அங்கே ஓடு தடித்திருக்கிறது, ஆனால் புதுச்சரக்கு அதிகம் சேரவில்லை. தோசை மாவைக் கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கினால் அங்கே குவியுமே, அது போல. புதுச்சரக்கு வருவது எரிமலை வரிசைகளால்தான். தீவு வரிசைகள் நகர்ந்து வந்து கண்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்கு ஓரம் இப்படி ஒட்டுப்போட்டு வளர்ந்தது.

மும்பை, புனே பக்கம் போனவர்கள், அங்கே தரை முழுக்கப் பசால்ட்தானே, அது கடலடியா என்று கேட்கக்கூடும். இல்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய லாவா, கண்டத்தின் மேல் ஊற்றிய ஊற்று. கொய்னா பகுதியில் துளையிட்டபோது ஒரு கிலோமீட்டர் போலப் பசால்ட் போனதும் கிரானைட் வகைப் பாறை வந்துவிட்டது. மேலே இருக்கும் கல்லை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

நிறத்தை வைத்தும் முடிவு கட்டக்கூடாது என்பதற்கு எங்கள் பரங்கிமலையே உதாரணம். கறுப்பு என்றால் கடலடி, வெளிர் என்றால் கண்டம் என்று தோராயமாகச் சொல்வதுண்டு. பரங்கிமலைக் கல் கறுப்பாக இருந்தாலும் கிரானைட்டின் உறவு, சுத்தமான கண்டப் பாறை. சார்னகைட் என்று பெயர். இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து உருவானது. கண்டத்தின் அடித்தளம் என்ன நிலையில் இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய் அது இங்கே வெளியே வந்து நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதை ஒரு தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதன் தாதுக்களில் தண்ணீர் அனேகமாகக் கிடையாது. இருந்த தண்ணீர் இந்த ஆழத்தில் நிற்காமல், குழம்போடும் ஆவியோடும் மேலே போய்விட, காய்ந்த கல் மிஞ்சியது.

பெயர் வந்த கதையும் கல்லில்தான் இருக்கிறது. கொல்கத்தாவின் பழைய தேவாலய வளாகம் ஒன்றில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை உண்டு. அந்தக் கல்லறைப் பலகை பரங்கிமலையை அடுத்த பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல் என்று கண்டுகொண்ட தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், கல்லுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். பல்லாவரத்தில் அதை இன்றும் கருங்கல் என்றுதான் சொல்கிறார்கள்.